சிலிண்டர் உதறாமல் ஓட: ஹைட்ராலிக் வால்வைத் தேர்ந்தெடுப்பதும் செட் செய்வதும்

சிலிண்டர் உதறுகிறது, கிளம்பும்போது ஒரு குதி குதிக்கிறது, லோடை இறக்கும்போது விட்டுவிட்டு இறங்குகிறது. இப்படி ஏதாவது நடந்தால் கை நேராகப் போவது வால்வின் ஸ்க்ரூவுக்குத்தான். திருப்பினால் கொஞ்ச நேரம் சரியாகவும் இருக்கும். ஆயில் சூடானதும் பழைய கதை திரும்பிவிடும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் செட்டிங்கில் இருப்பதில்லை, வால்வைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ஒன்று, தேவைக்கு மேல் பெரிய வால்வைப் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரே ஆயில் பாதையில் இரண்டு வால்வுகள் ஒரே நேரத்தில் அதிகாரம் செலுத்திக்கொண்டிருக்கும். ஒரு பாதைக்கு ஒரு எஜமான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே சிலிண்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் விட்டம் 63 மி.மீ., ராடு 36 மி.மீ., ஸ்ட்ரோக் 500 மி.மீ. ராடு மேலே பார்த்து நிற்கிறது, 2000 கிலோ லோடைத் தூக்கி இறக்க வேண்டும், இரண்டு திசையிலும் வேகம் நொடிக்கு 100 மி.மீ. பம்ப் அதிகபட்சம் நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும்; பிரஷர் காம்பென்சேட்டர் உள்ள வேரியபிள் பம்ப், அதாவது வைத்த பிரஷரை எட்டியதும் தானே ஆயிலைக் குறைத்துக்கொள்ளும் வகை.

முதலில் கணக்கு, பிறகு கேட்டலாக்

பிஸ்டன் பக்கப் பரப்பு 31.2 சதுர செ.மீ. ராடு பக்கம் ராடின் பரப்பு போக மீதி 21 சதுர செ.மீ. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.5 (சரியாகச் சொன்னால் 1.485). இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

2000 கிலோவின் எடை 19,620 நியூட்டன். 1 பார் என்பது சதுர செ.மீ.க்கு 10 நியூட்டன். ஆக, லோடு சும்மா நிற்கும்போதே பிஸ்டன் பக்கம் 63 பார் இருக்கும். இதுதான் லோடு பிரஷர்.

மேலே போக 31.2 × 10 = நொடிக்கு 312 க.செ.மீ., அதாவது நிமிடத்துக்கு 18.7 லிட்டர் வேண்டும். கீழே வர ராடு பக்கம் 12.6 லிட்டர் போதும். ஆனால் அந்த நேரத்தில் பிஸ்டன் பக்கத்திலிருந்து வெளியேறுவது 18.7 லிட்டர். புதியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் 20 லிட்டர் முழுவதும் ராடு பக்கம் போனால் திரும்பி வருவது கிட்டத்தட்ட 30 லிட்டர். டைரக்‌ஷன் வால்வு, ரிட்டர்ன் ஃபில்டர், டேங்க் லைன் எல்லாம் இந்த 30 லிட்டரைத் தாங்க வேண்டும். பரப்பு விகிதம் 2 உள்ள சிலிண்டரில் அது 40 லிட்டராகும்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி: லோடு இயக்கத்தை எதிர்க்கிறதா, இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? நம் சிலிண்டரில் மேலே போகும்போது எதிர்க்கிறது, கீழே வரும்போது இழுக்கிறது. எதிர்க்கும் பக்கத்தில் உள்ளே போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தினால் போதும். இழுக்கும் பக்கத்தில் வெளியே வரும் ஆயிலைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு மிஷினில் கை நீட்டும்போது பாதி வழியில் லோடு திசை மாறும் என்றால் அதை இழுக்கும் லோடாகவே கணக்கில் வையுங்கள்.

டைரக்‌ஷன் வால்வு: சைஸும் நடு நிலையும்

30 லிட்டருக்கு சைஸ் 6 வால்வு (செட்டாப் 3, ஐ.எஸ்.ஓ. 4401-03) தாராளம். சைஸ் 10 போடத் தேவையில்லை. கேட்டலாக்கின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச லிட்டரை நம்பாமல், உங்கள் ஸ்பூலுக்கான (வால்வுக்குள் நகர்ந்து ஆயில் பாதையை மாற்றும் தண்டு) பிரஷர் இழப்பு வளைகோட்டையும் அதை இழுக்கும் சோலனாய்டின் சுவிட்ச்சிங் எல்லை வளைகோட்டையும் பாருங்கள். சில ஸ்பூல்களுக்கு அந்த எல்லை முதல் பக்க எண்ணில் பாதிதான் இருக்கும். எல்லையைத் தாண்டினால் ஆயில் ஓடும் விசையே ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும்; காயில் இழுத்தும் வால்வு முழுதாக மாறாது.

நடு நிலை (காயில் எதுவும் இழுக்காதபோது ஸ்பூல் நிற்கும் இடம்) விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நான்கு போர்ட்டும் (பம்ப், டேங்க், சிலிண்டருக்குப் போகும் ஏ, பி) அடைத்த நடு நிலை பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் ஸ்பூல் வால்வு எதுவும் முழுதாக அடைக்காது, இடைவெளி வழியாகக் கசியும். பம்ப் பிரஷர் கசிந்து ஏ, பி இரண்டு போர்ட்டிலும் ஏறினால், பிஸ்டன் பக்கப் பரப்பு பெரிது என்பதால் லோடில்லாத சிலிண்டரின் ராடு தானாக வெளியே நகரும். லோடு உள்ள சிலிண்டராக இருந்தால் மெல்ல இறங்கும். ஸ்பூலை மட்டும் நம்பி லோடைத் தொங்கவிடக் கூடாது. உட்காரும் வகை வால்வு ஒன்று, அதாவது பைலட் செக் (எதிர்ப்பக்கத்து பிரஷர் வந்தால்தான் ஆயிலைத் திரும்ப விடும் ஒருவழி வால்வு) அல்லது கௌண்டர்பேலன்ஸ் (லோடு தானாக ஓடாமல் தாங்கி இறக்கும் வால்வு), கட்டாயம் வேண்டும்.

அப்படி ஒன்றைப் போட்டுவிட்டால் நடு நிலையில் ஏ, பி இரண்டும் டேங்க்குக்குத் திறந்திருக்க வேண்டும், பம்ப் போர்ட் அடைத்திருக்க வேண்டும். அப்போதுதான் பைலட் லைனில் (அந்த வால்வைத் திறக்கும் பிரஷர் வரும் சிறு லைன்) பிரஷர் இறங்கி வால்வு உடனே உட்காரும். நான்கும் அடைத்த ஸ்பூலைப் போட்டால் பைலட் லைனில் பிரஷர் சிக்கிக்கொள்ளும். லோடு நின்ற பிறகும் சில மி.மீ. இறங்கிவிட்டுத்தான் நிற்கும். நிலையான பம்ப் வைத்து, நடு நிலையில் அதை டேங்க்குக்கு விட வேண்டும் என்றால் நான்கு போர்ட்டும் ஒன்றோடொன்று இணைந்த ஸ்பூலை எடுங்கள். பம்ப் மட்டும் டேங்க்குக்குப் போய் ஏ, பி அடைபடும் ஸ்பூல் இங்கே உதவாது.

வேகத்தைப் பிடிப்பது

சாதாரண த்ராட்டில் என்பது ஒரு துளைதான். அதன் வழியே போகும் ஆயில் இருபக்க பிரஷர் வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பம்ப் 120 பார் தருகிறது, லோடு 63 பார் என்றால் மிச்சம் 57 பார். லோடை எடுத்துவிட்டால் 120 பாரும் துளையின் மேல் விழும். 120-ஐ 57-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.45. அதாவது காலி ஓட்டத்தில் சிலிண்டர் 45 சதவீதம் வேகமாக ஓடும். லோடு மாறாத இடத்தில் த்ராட்டில் போதும். லோடு மாறும் இடத்தில் பிரஷர் காம்பென்சேஷன் உள்ள ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டும்.

அந்த ஃப்ளோ கன்ட்ரோலுக்கும் ஒரு குணம் உண்டு. ஆயில் ஓடாதபோது உள்ளே இருக்கும் காம்பென்சேட்டர் ஸ்பூல் முழுதாகத் திறந்து கிடக்கும். வால்வைத் திறந்த கணத்தில் அது மூடி வருவதற்குள் ஆயில் பாய்ந்துவிடும். சிலிண்டர் ஒரு குதி குதித்துவிட்டு அப்புறம் ஒழுங்காகப் போகும். எவ்வளவு திருப்பினாலும் இது போகாது. காம்பென்சேட்டரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ உள்ள மாடலை வாங்க வேண்டும், அல்லது ரேம்ப் (படிப்படியாகத் திறந்து மூடும் நேரம்) உள்ள ப்ரோபோர்ஷனல் வால்வுக்கு, அதாவது கரண்ட்டின் அளவுக்கேற்பத் திறக்கும் வால்வுக்கு, போக வேண்டும். இன்னொன்று, அது வேலை செய்யக் குறைந்தபட்ச பிரஷர் வித்தியாசம் வேண்டும், பொதுவாக 5 முதல் 10 பார். அதற்குக் கீழே போனால் அது வெறும் த்ராட்டில்தான்.

வெளியே வரும் ஆயிலைத் த்ராட்டில் செய்தால் ஓட்டம் நன்றாக இறுகும், ஆனால் ராடு பக்கம் பிரஷர் பெருகும். ராடு வெளியே போகும்போது பிஸ்டன் பக்கம் 120 பார், ராடு பக்கம் த்ராட்டில் என்றால், லோடு இல்லாத நிலையில் ராடு பக்கம் 178 பார். அதே 2000 கிலோவை ராடு கீழே பார்க்கத் தொங்கவிட்டிருந்தால் இன்னும் 93 பார் சேரும். ஏறத்தாழ 272 பார். பம்ப் பக்க கேஜ் 120 காட்டிக்கொண்டிருக்க, ராடு பக்க ஹோஸ் வெடிப்பது இப்படித்தான். ஹோஸையும் சீலையும் இந்தப் பெருகிய எண்ணுக்குத் தேர்ந்தெடுங்கள்.

சாண்ட்விச் த்ராட்டில் செக் வால்வுகளில் (அடுக்காகப் பொருத்தி, ஒரு திசையில் மட்டும் ஆயிலை இறுக்குபவை) பல, ஒரே பாடிதான். திருப்பிப் போட்டால் உள்ளே போகும் ஆயிலைக் கட்டுப்படுத்துவது வெளியே வரும் ஆயிலைக் கட்டுப்படுத்துவதாக மாறிவிடும். மேலே அச்சடித்திருக்கும் குறியீட்டைப் பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்குங்கள். பைலட் செக்கும் அதே அடுக்கில் வந்தால் வரிசை முக்கியம்: கீழே பேஸ் பிளேட், அதன் மேல் த்ராட்டில், அதன் மேல் பைலட் செக், உச்சியில் டைரக்‌ஷன் வால்வு. த்ராட்டிலும் செக்கும் இடம் மாறினால், த்ராட்டில் உண்டாக்கும் பின்னழுத்தம் செக் வால்வைத் திறக்கவிடாமல் தள்ளும். அது திறக்கும், மூடும், திறக்கும். அடுக்கிலிருந்து டடடட என்று சத்தம் வரும்.

இழுக்கும் லோடு

பைலட் செக் வால்வு நிறுத்திப் பிடிக்க மட்டும்தான். இழுக்கும் லோடை அதை வைத்து இறக்கப் போனால் நடப்பது இது: ராடு பக்கம் பிரஷர் ஏறி செக் திறக்கிறது, லோடு சரேலென்று ஓடுகிறது, பம்ப் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ராடு பக்க பிரஷர் விழுகிறது, செக் மூடுகிறது, லோடு இடித்து நிற்கிறது, மறுபடி பிரஷர் ஏறுகிறது. நொடிக்குப் பல முறை. இதற்கு மருந்து கௌண்டர்பேலன்ஸ் வால்வு. அது படிப்படியாகத் திறக்கும்.

செட்டிங்: அதிகபட்ச லோடு பிரஷரைப் போல 1.3 மடங்கு. 63 × 1.3 = 82 பார்.

பைலட் ரேஷியோ (லோடு பிரஷரைவிட ராடு பக்கத்து பைலட் பிரஷர் எத்தனை மடங்கு பலமாக வால்வைத் திறக்கும் என்பது): 3, 5, 10 என்று பல வகை கிடைக்கும். லோடை இறக்க ராடு பக்கம் எவ்வளவு பிரஷர் வேண்டும் என்பதை இப்படிக் கணக்கிடலாம்: செட்டிங்கிலிருந்து லோடு பிரஷரைக் கழியுங்கள், அதை, ரேஷியோவோடு பரப்பு விகிதத்தின் தலைகீழைக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். தலைகீழ் இங்கே 0.67. ரேஷியோ 3 என்றால் 19 ÷ 3.67 = 5.2 பார். ரேஷியோ 10 என்றால் 1.8 பார். காலியாக இறக்கும்போது லோடு பிரஷர் பூஜ்யம். அப்போது முறையே 22 பாரும் 7.7 பாரும் வேண்டும்.

ரேஷியோ 10 மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்பார்கள், உண்மைதான். ஆனால் முழு லோடில் வெறும் 1.8 பாரில் திறக்கும் வால்வு, ராடு பக்கம் ஒரு பார் ஏறி இறங்கினாலும் ஆடும். நீளமான கை, வளையும் ஃபிரேம், நீண்ட ஹோஸ் இருந்தால் 3 அல்லது அதற்குக் கீழே. லோடு மாறாத, கனமான, இறுக்கமான மிஷினுக்கு மட்டும் பெரிய ரேஷியோ. சந்தேகம் வந்தால் சிறியதையே எடுங்கள். ஒரு கார்ட்ரிட்ஜை மாற்றுவது எளிது, விழுந்த லோடைத் தூக்குவது எளிதல்ல.

இனி எஜமான் விவகாரம். சாதாரண கௌண்டர்பேலன்ஸ் வால்வில் வெளியேறும் பக்கத்துப் பின்னழுத்தம் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வால்வை மூடும். எவ்வளவு? பின்னழுத்தத்தைப் போல ரேஷியோவோடு 1 கூட்டிய மடங்கு. ரேஷியோ 3, பின்னழுத்தம் 10 பார் என்றால் செட்டிங் 40 பார் ஏறியது போலாகும். அதே பாதையில் கீழே ப்ரோபோர்ஷனல் வால்வு வெளியேறும் ஆயிலை இறுக்கி 40 பார் பின்னழுத்தம் உண்டாக்கினால் செட்டிங் 160 பார் ஏறியது போல. இரண்டும் ஒரே ஆயிலைக் கட்டுப்படுத்தப் பார்த்து ஒன்றையொன்று உதறவைக்கும். வழி இரண்டு. டைரக்‌ஷன் ஸ்பூலில் பிஸ்டன் பக்கத்திலிருந்து டேங்க் போகும் விளிம்பு (ஆயிலை இறுக்கும் ஸ்பூலின் ஓரம்) அகலமாகத் திறக்கும் வகையை எடுத்து, இறக்கும் பாதையை கௌண்டர்பேலன்ஸிடமே விட்டுவிடலாம். அல்லது ஸ்பிரிங் அறை தனியாக வெளியே திறந்த வென்டட் கௌண்டர்பேலன்ஸ் வால்வை வாங்கலாம். அதைப் பின்னழுத்தம் பாதிக்காது.

வால்வை சிலிண்டர் போர்ட்டிலேயே நேரடியாகப் பொருத்துங்கள். நடுவில் ஹோஸ் வைத்தால், அது வெடித்த அன்று வால்வு இருந்தும் பயனில்லை.

ப்ரோபோர்ஷனல் வால்வு: பெரிது நல்லதல்ல

ப்ரோபோர்ஷனல் வால்வின் பெயரளவு லிட்டர், விளிம்புக்கு 5 பார் இழப்பில் அளந்தது. மொத்தம் 10 பார். இன்னும் நுணுக்கமான வகையான சர்வோ வால்வுக்கு அதே எண் மொத்தம் 70 பாரில். இரண்டு கேட்டலாக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் விட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நம் சிலிண்டர் மேலே போகும்போது 120 − 63 = 57 பார் மிச்சம். அதில் ஒரு பகுதி ராடு பக்கத்திலிருந்து வெளியேறும் விளிம்பில் போகும். பரப்பு விகிதத்தை வைத்துப் பிரித்தால் உள்ளே போகும் விளிம்புக்கு ஏறத்தாழ 43 பார். லைன் இழப்பு போக 40 பார் என்று வைப்போம். 40-ஐ 5-ஆல் வகுத்தால் 8, அதன் வர்க்கமூலம் 2.83. வேண்டியது 18.7 லிட்டர், 2.83-ஆல் வகுத்தால் 6.6. ஆக, பெயரளவு 8 லிட்டர் ஸ்பூல். அது முழுதாகத் திறந்தால் 22.6 லிட்டர், நமக்கு 83 சதவீதத் திறப்பில் வேண்டிய வேகம் கிடைக்கும். 70 முதல் 90 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல தேர்வு.

இதே இடத்தில் ‘இருக்கட்டும்’ என்று 32 லிட்டர் ஸ்பூலைப் போட்டால்? 21 சதவீதத் திறப்பிலேயே முழு வேகம் வந்துவிடும். ஸ்பூலின் நடுவில் 10 முதல் 20 சதவீதம் வரை டெட் பேண்ட் (ஸ்பூல் நகர்ந்தும் ஆயில் ஓடாத பகுதி) வேறு. மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தில்தான் பூஜ்யத்திலிருந்து முழு வேகம் வரை அடக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கை முடியளவு நகர்த்தினால் சிலிண்டர் பாயும், அதற்கு மேல் தள்ளினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பம்ப்பிடம் ஆயில் இல்லை. இதை எந்த ஆம்ப்ளிஃபயர் கார்டும் (காயிலுக்குக் கரண்ட் தரும் கார்டு) சரிசெய்யாது.

ரேம்ப் நேரமும் கணக்கில் வருவதே. சிலிண்டருக்குள் இருக்கும் ஆயில் ஒரு ஸ்பிரிங் மாதிரி. 100 பாருக்கு ஏறத்தாழ 0.7 சதவீதம் சுருங்கும். நம் சிலிண்டர் பாதி ஸ்ட்ரோக்கில் 2000 கிலோவோடு நொடிக்கு 19 முறை ஆடும் இயல்புடையது. ரேம்ப் இந்த ஆட்டத்தில் மூன்று சுற்றுக்குக் குறையக் கூடாது: 0.16 நொடி. இது ஹோஸ் இல்லாத கணக்கு. 12.7 மி.மீ. உள்விட்டம் உள்ள 3 மீட்டர் ஹோஸில் 380 க.செ.மீ. ஆயில் நிற்கும், பாதி ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பக்கம் இருப்பதே 780 க.செ.மீ. தான். அந்த ஹோஸும் பிரஷரில் விரியும். எனவே 0.3 நொடியில் தொடங்கிக் குறைத்துப் பாருங்கள். ஹோஸை ஸ்டீல் பைப்பாக மாற்றியதும் பாதி ஆட்டம் போன மிஷின்கள் உண்டு.

செட் செய்யும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். ஒன்று சரியில்லாமல் அடுத்ததைத் தொட்டால் எது காரணம் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

1. லோடை இறக்கி வையுங்கள், அல்லது இயந்திரத் தாங்கி கொடுங்கள். அக்யூமுலேட்டர் (ஆயிலைப் பிரஷரோடு சேமித்து வைக்கும் கலன்) இருந்தால் அதன் ஆயில் பக்க பிரஷரை முழுதாக வெளியேற்றுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. நுண்ணிய துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டு போதும்.

2. பம்ப் லைன், ஏ லைன், பி லைன், டேங்க் லைன் நான்கிலும் கேஜ் மாட்டுங்கள். கௌண்டர்பேலன்ஸ் இருந்தால் அதற்கும் சிலிண்டருக்கும் இடையில் ஐந்தாவது. பம்ப் பக்க ஒரே கேஜை வைத்து இந்த வேலையைச் செய்வது இருட்டில் துழாவுவதுதான்.

3. லோடு இல்லாமல் 20–30 பாரில் முழு ஸ்ட்ரோக்கும் பத்துத் தடவை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். டேங்கில் நுரை அடங்கும்வரை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் ஆயில் ரப்பராகிவிடும். பிறகு ஆயிலை 45–50 டிகிரிக்கு வரவிட்டு அதில்தான் செட் செய்ய வேண்டும். குளிர்ந்த ஆயிலில் செய்த செட்டிங் நிற்காது.

4. ரிலீஃபும் (பிரஷர் எல்லை தாண்டினால் ஆயிலை டேங்க்குக்கு விடும் வால்வு) பம்ப் காம்பென்சேட்டரும். ரிலீஃப் ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்துங்கள். டைரக்‌ஷன் வால்வு நடுவில் இருக்க, காம்பென்சேட்டரை உயரே ஏற்றிவிட்டு, ரிலீஃபை மெல்ல இறுக்கி 140 பாரில் நிறுத்தி லாக் நட் போடுங்கள். பிறகு காம்பென்சேட்டரை 120-க்கு இறக்குங்கள். சுருக்கமாக முடியுங்கள்: 20 லிட்டர் 140 பாரில் ரிலீஃப் வழியே போனால் 4.7 கிலோவாட் முழுவதும் சூடாகத்தான் ஆயிலில் சேரும். இரண்டுக்கும் 15–20 பார் இடைவெளி வேண்டும். 5 பார்தான் வைத்தால் ரிலீஃப் திறக்கத் தொடங்கும் இடமும் காம்பென்சேட்டர் குறைக்கும் இடமும் ஒன்றன் மேல் ஒன்று விழும். இரண்டு எஜமான், பம்ப் கேஜ் முள் நடுங்கும், டேங்க் சூடாகும்.

5. கௌண்டர்பேலன்ஸ். ஸ்க்ரூவைத் தொடும் முன் தயாரிப்பாளரின் தாளைப் படியுங்கள். சில கார்ட்ரிட்ஜ்களில் கடிகாரத் திசையில் திருப்பினால் செட்டிங் ஏறும், சிலவற்றில் இறங்கி லோடை விட்டுவிடும். பழக்கத்தில் கை இறுக்கிவிடும் திசை ஆபத்தான திசையாக இருக்கலாம். டெஸ்ட் பம்ப்பில் 82-க்கு வைத்துக்கொண்டு வந்து மாட்டுவதே சிறந்தது. மிஷினிலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு: லோடு இல்லாமல் மிக மெதுவாக இறக்கி ராடு பக்க கேஜைப் பாருங்கள். ரேஷியோ 3, டேங்க் லைனில் பின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை என்றால் 22 பார் அருகில் நகரத் தொடங்க வேண்டும். 12 பாரிலேயே நகர்ந்தால் செட்டிங் 45 பாருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள். 63 பார் லோடை அது பிடிக்காது.

6. முழு லோடைத் தரையிலிருந்து 50 மி.மீ. மட்டும் தூக்கி நடுநிலைக்கு விடுங்கள். பத்து நிமிடம். பிஸ்டன் பக்க கேஜ் 63 பாரில் நிற்க வேண்டும், ராடில் ஒட்டிய அடையாளம் நகரக் கூடாது.

7. ஆம்ப்ளிஃபயர். ரேம்ப்பை முதலில் நீளமாக வையுங்கள். குறைந்தபட்ச கரண்ட்டை மெல்ல ஏற்றி, சிலிண்டர் நகரத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து ஒரு துளி குறையுங்கள். அந்தத் துளியை விட்டுவிட்டால் கட்டளை பூஜ்யத்துக்கு அருகே வரும்போதெல்லாம் சிலிண்டர் ஊரும். பொசிஷன் கன்ட்ரோல் இருந்தால் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே இருக்கும். பிறகு அதிகபட்ச கரண்ட்: ஸ்டாப்வாட்ச்சில் 500 மி.மீ.க்கு 5 நொடி, ரேம்ப் நேரம் தனி. இரண்டு திசைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கடைசியில் ரேம்ப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, நிற்கும்போது பிஸ்டன் பக்க கேஜ் முள் இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஆடத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்துங்கள்.

8. காலி, பாதி லோடு, முழு லோடு மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். லாக் நட்களை இறுக்கிவிட்டு ஒரு தடவை கேஜ் பாருங்கள். நட் இறுகும்போது ஸ்க்ரூ சற்றே சுழல்வது வழக்கம்.

உதறல் வந்தால் எங்கே பார்ப்பது

இறங்கும்போது மட்டும் உதறல் என்றால் ராடு பக்க கேஜைப் பாருங்கள். முள் பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு எழுகிறதா? லோடு பம்ப்பை முந்துகிறது. ரேஷியோ அதிகம், அல்லது கௌண்டர்பேலன்ஸ் அந்த லிட்டருக்கு மிகப் பெரிது. முள் பூஜ்யத்துக்குப் போகாமல் நடுங்கினால் பைலட் லைனில் 0.6–0.8 மி.மீ. டேம்பிங் ஆரிஃபிஸ் (ஆட்டத்தை அடக்கும் சிறு துளை) போட்டுப் பார்க்கலாம். அது அடைத்துக்கொண்டால் வால்வு தாமதமாக மூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னால் ஒரு சிறு ஸ்ட்ரெய்னர் நல்லது. டேங்க் லைன் கேஜ் 10 பாருக்கு மேல் காட்டினால் முதலில் ரிட்டர்ன் ஃபில்டரை மாற்றுங்கள், வால்வைத் தொடாதீர்கள்.

மிக மெதுவான வேகத்தில் மட்டும் நின்று நின்று நகர்ந்தால் அது சீல் உராய்வு. நிற்கும்போது உள்ள உராய்வு ஓடும்போது உள்ளதைவிட அதிகம் என்பதால் வரும். உராய்வு குறைந்த டெஃப்லான் வகை சீல்தான் தீர்வு, வால்வு அல்ல. கைடு வளைந்திருந்தாலும் இதே அறிகுறி, ஆனால் ஸ்ட்ரோக்கில் எப்போதும் ஒரே இடத்தில் வரும்.

காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம் என்றால் த்ராட்டில் நீளமான ஊசி வகையாக இருக்கும். அதில் ஆயிலின் தடிமன் வேகத்தைத் தீர்மானிக்கும். கூர் விளிம்புத் துளை உள்ள வகை சூட்டுக்கு அவ்வளவாக மாறாது.

ப்ரோபோர்ஷனல் வால்வு ஒரே கட்டளைக்கு வெவ்வேறு வேகம் தந்தால் முதலில் டிதர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பூலை ஓயாமல் மெல்ல அதிரவைத்து ஒட்டாமல் வைத்திருப்பது அதுதான்; பழுதுபார்த்தபோது வேறு கார்டு மாட்டியிருந்தால் அதில் டிதர் அளவு மாறியிருக்கும். அடுத்தது அழுக்கு. ஆயில் சுத்தம் ஐ.எஸ்.ஓ. 4406 அளவில் 20/18/15-ஐவிட மோசமாகாமல் (எண் கூடினால் அழுக்கு அதிகம்) இருக்க வேண்டும், சர்வோ வால்வுக்கு இன்னும் சுத்தம். புதுப் பீப்பாய் ஆயில் பெரும்பாலும் இந்த அளவுக்குச் சுத்தமாக இருப்பதில்லை. ஃபில்டர் டிராலி வழியாகத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

இரண்டு போல்ட் இறுக்கமாகவும் இரண்டு தளர்வாகவும் இருந்தாலே சைஸ் 6 வால்வின் பாடி நூலிழை வளைந்து ஸ்பூலைப் பிடிக்கும். நான்கு எம் 5 போல்ட்டையும் குறுக்காக, டார்க் ரெஞ்ச்சில், தாளில் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். வால்வைக் கையில் வைத்திருக்கும்போது நன்றாக நகர்ந்த ஸ்பூல் மாட்டிய பிறகு சிக்கினால் வேறெங்கும் தேட வேண்டாம், போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள்.